கூண்டும் கிளியும்

அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றார் ஔவையார். தன் படைப் பெருமையைக் காட்ட விரும்பிய தொண்டைமான், அவரைப் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றான். அங்கே வேல்கள் மயிற்பீலியாலும் மாலையாலும் அழகு செய்யப்பட்டு, நெய் தடவப்பட்டு, பளபளவென்று அடுக்கப்பட்டிருந்தன. ஔவையார் அவற்றின் அழகைப் புகழ்ந்தார். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி மழுங்கிக் கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று இரக்கப்படுபவர்போலக் கூறினார். தொண்டைமானுக்குப் போர்ப்பழக்கம் இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. ஆயினும் அவன் அதனைக் கேட்டுவிட்டான்.

சொல்லில் புகழ்ச்சியும் பொருளில் பழிப்பும் அமைய உரைக்கும் இம்முறை தமிழுக்குப் புதியதன்று. பழித்துரைப்பதனை ‘அங்கதம்’ என்று பெயரிட்டு வழங்கும் தொல்காப்பியம், வெளிப்படையாகப் பழிப்பதனைச் செம்பொருள் அங்கதம் என்றும், பழியை மறைத்துக் கூறுவதனைப் பழிகரப்பு அங்கதம் என்றும் இருவகைப்படுத்துகிறது. அரசரையும் செல்வரையும் நேர்நின்று குறைகூற இயலாத காலங்களில் புலவருக்கு வாய்த்த கருவி இதுவே.

அங்கதத்துக்கு உடன்பிறந்த மற்றொரு கருவியும் உண்டு. காரணம் காட்டி, உவமை காட்டி, மாற்றுவழி காட்டிக் கேட்போர் நெஞ்சை இணங்கச் செய்யும் எடுத்துரையே அது. அங்கதம் நகைக்கச் செய்து உறுத்துகிறது. எடுத்துரை சிந்திக்கச் செய்து செயலுக்கு அழைக்கிறது. இந்தியக் கல்விமுறையைத் திருத்த விரும்பிய எழுத்தாளர்கள் இவ்விரண்டையும் கையாண்டனர். அவர்களுள் இருவரின் முயற்சியை அடுத்தடுத்து வைத்துக் காணும்போது, ஒன்றில்லாமல் மற்றொன்று முழுமை பெறுவதில்லை என்பது விளங்கும்.

பொற்கூண்டு

இரவீந்திரநாத் தாகூர் 1918-ஆம் ஆண்டில் வங்கமொழியில் ‘தோதா காஹினி’ என்னும் சிறுகதையை எழுதினார். கிளியின் கதை என்பது அதன் பொருள். சில பக்கங்களே கொண்ட அக்கதையில் ஒரு பறவை வருகிறது. அது பாடும், துள்ளும், பறக்கும், சாத்திரம் மட்டும் அறியாது. காட்டுக் கனிகளைத் தின்று வாழும் இத்தகைய பறவையால் நாட்டுக்குப் பயனில்லை என்று கருதிய அரசன், அதற்குக் கல்வி புகட்டுமாறு ஆணையிடுகிறான். பொறுப்பு அரசனின் மருமகன்மாரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

பண்டிதர்கள் கூடி ஆராய்கிறார்கள். பறவையின் அறியாமைக்கு அதன் கூடே காரணம் என்று முடிவாகிறது. வைக்கோலால் ஆன கூட்டில் மிகுந்த கல்வி எவ்வாறு தங்கும்? ஆகவே பொற்கொல்லர் வந்து பொற்கூண்டு செய்கிறார். அதைக் காண நாடெங்கிலுமிருந்து மக்கள் திரள்கிறார்கள். அடுத்து ஏடு எழுதுவோர் வருகிறார்கள். படிக்குப் படி எடுத்து மலைபோலக் குவிக்கிறார்கள். கூண்டைத் துடைப்பவர், பழுது பார்ப்பவர், அவர்களை மேற்பார்வையிடுபவர் என்று ஆட்கள் பெருகுகிறார்கள். அனைவருக்கும் ஊதியம் கிடைக்கிறது. கல்வி வளர்கிறது என்று அனைவரும் மகிழ்கிறார்கள்.

குறைகூறுவோர் சிலர் மட்டும், கூண்டு செழிக்கிறது, பறவையைப்பற்றிக் கேட்பார் இல்லையே என்கிறார்கள். அரசன் விசாரிக்கிறான். உண்மையை அறியப் பொற்கொல்லரையும் பண்டிதரையும் எழுத்தரையும் மேற்பார்வையாளரையும் கேட்டால் போதும் என்று மருமகன் விடையளிக்கிறான். கூண்டினால் வாழ்பவர்களே கூண்டுக்குச் சான்றாகிறார்கள். அரசன் நேரில் பார்க்க வரும்போதும் சங்கும் முரசும் முழங்குகின்றன. கற்பிக்கும் முறை அவனுக்குச் சிறப்பாகக் காட்டப்படுகிறது. அம்முறையின் பிரமாண்டத்தில் பறவை கண்ணுக்கே தென்படுவதில்லை. கூண்டில் தானியமும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஏடுகளைக் கிழித்து எழுதுகோலின் முனையால் பறவையின் வாயில் திணிக்கிறார்கள். பாட்டு நின்றுவிடுகிறது, கதறவும் இடமில்லை. ஒருநாள் அது தன் மெலிந்த அலகால் கம்பியை அறுக்க முயல்கிறது. அது துடுக்குத்தனம் எனத் தீர்ப்பாகிறது. கொல்லன் வந்து சங்கிலி பூட்டுகிறான்; சிறகும் கத்தரிக்கப்படுகிறது.

பறவை இறந்துபோகிறது. கல்வி நிறைவுற்றது என்று அரசனுக்கு அறிவிக்கிறார்கள். துள்ளுமா, பறக்குமா, பாடுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான் அரசன். இல்லை என்பதே ஒவ்வொன்றுக்கும் விடை. பறவையைக் கொண்டுவரச் செய்து விரலால் அழுத்திப் பார்க்கிறான். உள்ளே திணிக்கப்பட்ட தாள்கள் சலசலக்கின்றன.

நகைப்பின் இலக்கு

இக்கதையில் கொடியவர் என்று சுட்டத்தக்க ஒருவரும் இல்லை என்பது கருதத்தக்கது. அனைவரும் கடமையில் கண்ணாக இருக்கிறார்கள். அரசனுக்கு நல்லெண்ணம் உண்டு; பண்டிதருக்குப் புலமை உண்டு; பொற்கொல்லருக்குக் கைத்திறன் உண்டு. இத்தனை நற்பண்புகளும் ஒன்றுசேர்ந்து ஓர் உயிரைக் கொன்றுவிடுகின்றன. தீய ஆசிரியர் ஒருவரைப்பற்றிய கதையாக இருந்திருந்தால், அவரை நீக்கினால் குறை தீரும் என்று படிப்பவர் அமைதி கொள்வர். தாகூர் அவ்வாறு தப்பிச் செல்ல இடம் வைக்கவில்லை.

மற்றொன்றும் காணத்தக்கது. கதைசொல்பவர் யாரையும் வசைபாடுவதில்லை. ‘முன்னேற்றம்’, ‘கல்வி’, ‘நிறைவு’ என்னும் உயர்ந்த சொற்களை அவற்றை ஆள்பவர்கள் வாயிலேயே விட்டுவைக்கிறார். அவர்கள் பேசப் பேச, அச்சொற்களின் பொருள் தலைகீழாகிறது. தீர்ப்பு வழங்கும் பணி படிப்பவரிடம் விடப்படுகிறது. ஔவையார் கொட்டிலில் நின்று செய்ததும் இதுவே.

இக்கதை தோன்றிய காலச்சூழலும் அறியத்தக்கது. 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கல்கத்தா பல்கலைக்கழகம் தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. அயல்மொழிப் பாடநூலை மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்பித்து அரசுப்பணி பெறுவதே கல்வியின் பயன் என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது. அப்பல்கலைக்கழகத்தின் நிலையை ஆராய மைக்கேல் சாட்லர் தலைமையில் அமைந்த ஆணையம் 1917 முதல் 1919 வரை இயங்கியது. கல்வியைப்பற்றிப் பெரியோர் பலர் பேசிக்கொண்டிருந்த அவ்வேளையில், பறவையின் நிலை என்ன என்று ஒரு சிறுகதை கேட்டது.

அங்கதத்துக்கு ஓர் அறம் உண்டு. அது வலியோரை நோக்கியே எய்யப்பட வேண்டும். தாகூரின் கதையில் பறவை ஒருபோதும் நகைப்புக்குரியதாவதில்லை. கற்க இயலாத மாணவரைக் கேலி செய்வது அங்கதமன்று. அது எளியோரை வருத்தும் ஏளனம். இவ்வேறுபாட்டை உணராதவர் எழுத்தில் நகைப்பு மிஞ்சும், நீதி மிஞ்சாது.

விடுதலைக்குப் பின்னும் இக்கருவிக்கு வேலை இருந்தது. ஸ்ரீலால் சுக்ல 1968-இல் வெளியிட்ட ‘ராக் தர்பாரி’ என்னும் இந்தி நாவல் அதற்குச் சான்று. சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்நாவலில், சிவபால்கஞ்ச் என்னும் கற்பனைச் சிற்றூரின் கல்லூரி ஒன்று வருகிறது. அங்குள்ள ஆசிரியர் ஒருவருக்குச் சொந்தமாக மாவு அரைக்கும் ஆலை உண்டு. அறிவியல் பாடத்தையும் அவர் அந்த ஆலையைக் காட்டியே விளக்குவார். பாட வேளையில் ஆலை ஓடும் ஓசை காதில் விழுந்தால் வகுப்பை விட்டுப் புறப்பட்டுவிடுவார். நகைப்பை விளைவிக்கும் இக்காட்சிக்குள், ஆசிரியரின்றி வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை எண்ணும்போது நகைப்பு அடங்கிவிடுகிறது.

காரணம் காட்டும் உரை

கிளியின் கதையை எழுதுவதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1892-இல், தாகூர் கல்வியைப்பற்றி நீண்டதொரு கட்டுரை எழுதியிருந்தார். ‘சிக்ஷார் ஹேர்பேர்’ என்பது அதன் பெயர். கல்வியில் நேர்ந்துள்ள பொருத்தமின்மையை அது பேசுகிறது. சிறுவயதில் பள்ளிகள் பலவற்றில் சேர்க்கப்பட்டும் எதிலும் நிலைகொள்ளாத அவர், அக்கட்டுரையில் தம் மனக்கசப்பைக் கொட்டவில்லை, காரணங்களை அடுக்கினார்.

மனித உடல் கிடப்பதற்கு மூன்றரை முழம் இடம் போதும். அதற்காக மூன்றரை முழத்தில் வீடு கட்டுவார் உண்டோ என்பது அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று. நடமாடவும் மூச்சுவிடவும் வேண்டிய வெளி உடலளவைவிடப் பெரிது. அவ்வாறே, தேர்வுக்கு வேண்டிய பாடம் மட்டும் கற்கும் பிள்ளையின் மனம் வளர்வதில்லை. விருப்பத்தோடு படிக்கும் நூல்களும் அதற்கு வேண்டும் என்கிறார். பிள்ளை கற்கும் மொழி ஒன்றாகவும் வாழும் மொழி வேறாகவும் இருப்பதால், கற்றது வாழ்வோடு கலப்பதில்லை என்பது அவர்தம் அடுத்த வாதம். இதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறார். குளிர்கால ஆடைக்கென ஏழை ஒருவன் சிறுகச் சிறுகப் பொருள் சேர்க்கிறான்; ஆடை வாங்குவதற்குள் கோடை வந்துவிடுகிறது. கோடைக்கெனச் சேர்க்கையில் குளிர் வந்துவிடுகிறது. இறைவன் தோன்றி வரம் கேட்கச் சொன்னபோது, செல்வம் எதனையும் அவன் வேண்டவில்லை. இந்தப் பொருத்தமின்மை நீங்கினால் போதும் என்கிறான்.

எடுத்துரையின் இயல்பு இதில் புலப்படும். அது கேட்பவரைப் பகைவராகக் கருதுவதில்லை. அவர் ஏற்கெனவே ஒப்புக்கொள்ளும் ஒன்றிலிருந்து தொடங்கி, இன்னும் ஒப்புக்கொள்ளாத ஒன்றுக்குப் படிப்படியாக அழைத்துச் செல்கிறது. வீட்டுக்கு வெளி வேண்டும் என்பதனை யார் மறுப்பர்? அதனை ஏற்றவர், மனத்துக்கும் வெளி வேண்டும் என்பதனை மறுக்க இயலாமல் நிற்பர்.

சொல்லோடு தாகூர் நிற்கவில்லை. 1901-இல் சாந்திநிகேதனில் ஐந்து மாணவர்களோடு பள்ளி ஒன்றைத் தொடங்கி, மரநிழலில் வகுப்புகளை நடத்தினார். 1921-இல் விசுவபாரதி அங்கே உருவாயிற்று. வாதம், பள்ளி ஆகிய இரண்டுக்கும் பிறகே அங்கதக் கதை பிறந்தது. வேறு வழியை நடந்து காட்டியவரின் நகைப்பு என்பதால் அதற்கு எடை கூடியது.

மாம்பழக் கணக்கும் மாநிலங்களவையும்

சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்து ஆங்கிலத்தில் எழுதிய ஆர்.கே. நாராயண் இதற்கு எதிர்த்திசையில் நடந்தார். அவருடைய முதல் நாவலான ‘சுவாமியும் நண்பர்களும்’ 1935-இல் வெளிவந்தது. அதில் சிறுவன் சுவாமிநாதனுக்குத் தந்தை ஒரு கணக்குக் கொடுக்கிறார். பத்து மாம்பழங்களைப் பதினைந்து அணாவுக்கு விற்க ஒருவன் எண்ணுகிறான். மற்றொருவனுக்கு நான்கு பழங்கள் போதும். அவன் தரவேண்டிய விலை என்ன? சுவாமிநாதனின் ஐயமோ வேறு. பழங்கள் கனிந்தவையா, காயா என்று தெரிந்தால்தானே விலை சொல்ல முடியும்?

ஆறு அணா என்பது பாடநூலின் விடை. ஆனால் சந்தைக்குச் சென்று பழம் வாங்கிய எவரும் சுவாமிநாதனின் கேள்வியைப் பிழை என்று சொல்லமாட்டார். வாழ்க்கையைக் கவனிக்கும் பிள்ளையின் அறிவைப் பாடநூல் தவறாகக் கணக்கிடுகிறது. இதனை நாராயண் மென்மையாக, கடிந்துரைக்காமல் எழுதுகிறார். படிப்பவர் புன்னகை செய்கிறார். பிறகு எண்ணிப் பார்க்கிறார்.

அந்தப் புன்னகையில் ஓர் இடரும் இருந்தது. நாவல் நாடெங்கும் படிக்கப்பெற்றது; பள்ளிகளிலும் பாடமாயிற்று. சுவாமிநாதனைக் கண்டு நகைத்த பெரியோர் பலர், தம் வீட்டுப் பிள்ளைக்கு அதே கணக்கை அதே முறையில் கற்பித்து வந்தனர். அங்கதத்தின் வரம்பு இதுவே. குத்தப்பட்டவரும் சேர்ந்து நகைத்துவிட்டுத் தம் வழியே போய்விடலாம். எந்தத் தீர்மானத்திலும் அவர் கையொப்பமிட வேண்டுவதில்லை.

1986-இல் நாராயண் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினரானார். 1989-இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், அவையில் தம் முதல் உரையை ஆற்றினார். எழுத்தாளர் இலக்கியத்தைப்பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அவரோ பள்ளிப்பிள்ளைகளின் புத்தகப் பையைப்பற்றிப் பேசினார். விடியலில் எழுப்பப்பட்டு, அவசரமாகச் சீருடையும் காலணியும் அணிவிக்கப்பட்டு, நாள் முழுவதும் பாடத்தில் அமர்ந்து, மாலையில் வீட்டுப்பாடத்தில் மீண்டும் மூழ்கும் குழந்தையின் நாளை விவரித்தார். பையின் பளுவால் முதுகு வளைந்து கைகள் முன்னே தொங்க, சிம்பன்சிக் குரங்கைப்போலப் பிள்ளைகள் நடக்கிறார்கள் என்று காட்டினார். தேவையானால் அவசரச் சட்டம் இயற்றியேனும் பள்ளிப்பையை ஒழிக்க வேண்டும் என்றார்.

அங்கதமும் எடுத்துரையும் ஒரே உரையில் கைகோத்த அரிய தருணம் அது. குரங்கு உவமையில் ஒரு நாவலாசிரியரின் கண் உண்டு. ஆனால் அந்த நகைப்பு குழந்தையை நோக்கியதன்று. குழந்தையை அவ்வாறு நடக்கச் செய்தவர்களை நோக்கியது. உவமைக்குப் பின்னே வேண்டுகோளும் உண்டு. அதைச் செய்யும் அதிகாரம் பெற்றவர்கள் எதிரே அமர்ந்திருந்தார்கள். வாக்குரிமையற்ற குழந்தைகளின் குரல் சட்டமியற்றும் அவையில் ஒலித்தது.

சுமை இருவகை

அவ்வுரை எழுப்பிய அக்கறையின் தொடர்ச்சியாக, 1992-இல் மத்திய அரசு குழு ஒன்றை அமைத்தது. விண்வெளி ஆய்விலும் காஸ்மிக் கதிர் ஆய்விலும் புகழ்பெற்ற இயற்பியலாளர் யஷ்பால் அதன் தலைவர். 1993-இல் ‘சுமையின்றிக் கற்றல்’ என்னும் அறிக்கையை அக்குழு அளித்தது.

பையின் பளுவை எண்ணித் தொடங்கிய ஆய்வு, அதனினும் ஆழமான இடத்தைச் சென்றடைந்தது. உடலில் ஏறும் சுமையைவிடக் கொடிது, புரியாமையின் சுமை என்று அறிக்கை கண்டது. மிகுதியாகக் கற்பிக்கப்படுகிறது, சிறிதே புரிந்துகொள்ளப்படுகிறது. புரியாத பாடத்தை நாள்தோறும் சுமக்கும் பிள்ளை, குறை தன்னுடையதே என்று நம்பத் தொடங்குகிறது. தொடக்க வகுப்புப் பிள்ளைகள் பாடநூல்களை நாள்தோறும் சுமந்துவரக் கட்டாயப்படுத்தல் ஆகாது, மழலையர் பள்ளிச் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் கூடா, பாடநூல் ஆக்கத்தில் வகுப்பாசிரியர்களுக்குப் பங்கு வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் சில. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு இவ்வறிக்கையின் சிந்தனையை அடித்தளமாகக் கொண்டது.

எனினும் பை முழுமையாக இலகுவாகிவிடவில்லை. 2020-இல் வெளியான பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் உடல் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும், இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டா என்றும் மீண்டும் கூற வேண்டியிருந்தது. நாராயணின் உரைக்கும் இக்கொள்கைக்கும் இடையே முப்பத்தொரு ஆண்டுகள் உள்ளன. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கல்வியை முடித்துப் பெற்றோராகிவிடும் காலம் அது.

எடையைத் தராசில் அறியலாம். 10 விழுக்காடு என்று வரம்பும் இடலாம். புரியாமையை நிறுக்கும் தராசு எந்த அலுவலகத்திலும் இல்லை. அதனாலேயே அங்கதத்தின் தேவை தீர்வதில்லை. அறிக்கையும் கொள்கையும் நாளடைவில் அலமாரியில் அடுக்கப்படும் ஏடுகளாகிவிடும். குழுக்கள் பெருகலாம், கட்டடங்கள் உயரலாம், புதிய கருவிகள் வகுப்பறைக்கு வரலாம். அவை ஒவ்வொன்றும் நன்மைக்கே எனினும், கூண்டைப் புதுக்கும் பணியாக மாறிவிடும் இயல்பு அவற்றுக்கு உண்டு. அப்போது ஒரு கதை குறுக்கே வந்து, கிளி எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கேள்வி கேட்டபின், கிளிக்கு என்ன வேண்டும் என்று சொல்பவரும் வேண்டும். தானியம் வேண்டும், தண்ணீர் வேண்டும், சிறகு விரிக்க இடம் வேண்டும் என்று பொறுமையாக, காரணத்தோடு, கேட்பவர் ஏற்கும் வண்ணம் சொல்லுதல் எடுத்துரையின் கடமை. தாகூர் வாதத்திலிருந்து அங்கதத்துக்கு வந்தார். நாராயண் அங்கதத்திலிருந்து வாதத்துக்குச் சென்றார். இருவரும் பாதையின் ஒரு முனையில் நின்றுவிடவில்லை.

கல்வியைக் குறைகூறும் எழுத்து கல்விக்குப் பகையன்று. கல்வியில் நம்பிக்கை இழந்தவர் அதனைத் திருத்தும் பொருட்டு எழுதமாட்டார், விலகிப் போய்விடுவார். இன்று வகுப்பறையில் அமர்ந்திருப்போரும் நாளை தம் பள்ளியைப்பற்றி, தேர்வைப்பற்றி எழுதலாம். அவ்வாறு எழுதும்போது இரண்டு சோதனைகளை நினைவிற்கொள்ளுதல் நன்று. நகைப்பு யாரை நோக்கி எய்யப்படுகிறது? நகைத்தவர் மறுநாள் காலையில் செய்வதற்கு ஏதேனும் ஒரு செயல் சொல்லப்பட்டிருக்கிறதா? இவ்விரண்டுக்கும் நேர்மையாக விடை தரும் எழுத்து, எத்துணைச் சிறியதாயினும், கூண்டுக்குள் இருக்கும் உயிரின் பக்கம் நிற்பதாகும்.